மாறாமலைக் குளிரும் எங்கள் பிக்கப்பின் ஸ்டியரிங்கும்

மார்கழி கடைசியில் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில் இராஜாக்கமங்கலத்திலிருந்து புறப்பட்டோம். வண்டியில் இரண்டே பேர். ஓட்டுவது என் மருமகள் சுஜி. பக்கத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு நான், செல்லத்தங்கம். பின்னால் அரிசி மூட்டை, தேங்காய், காய்கறி, கிராம்பு உலர்த்துகிற பாய் இருபது கட்டு. எல்லாம் மாறாமலையில் இருக்கிற ஒரு எஸ்டேட்டுக்கு.

எழுபது வயதில் மலைக்கு எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிக்கப் என் பேரில் இருக்கிறது. மகன் ராஜன் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போன பிறகு சுஜிதான் லோடு ஓட்டுகிறாள். வாரம் ஒரு தடவை இந்த எஸ்டேட்டுக்குச் சாமான் ஏற்றிப் போய், காய்ந்த கிராம்பை நாகர்கோவிலுக்கு இறக்குவாள். போன இரண்டு தடவையும் திரும்பி வந்து ஒரே புகார். மலையில் விடியற்காலையில் ஸ்டியரிங் இறுகிப் போகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது என்றாள். நாகர்கோவிலில் ஒர்க்‌ஷாப்பில் கொண்டு காட்டினால் வண்டி சொன்ன பக்கமெல்லாம் திரும்புகிறது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டி நல்லாத்தான் இருக்கு. மலையில ஓட்டக் கையில பெலன் வேணும். பொம்பளப் பிள்ள என்ன செய்யும், பாவம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இது தம்மாம் வரைக்கும் போயிற்று. ராஜன் போனில் சொன்னான்: “அம்மா, வித்திருவோம். அருமனையில ஒரு ரப்பர் சீட்டு வியாபாரி கேக்காரு. ஞாயித்துக்கிழம வண்டி பாக்க வருவாரு. மலையில ஏதாவது ஆச்சுன்னா நான் இங்க இருந்துட்டு என்ன செய்ய?”

அவன் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் சுஜி அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுப்பில் இல்லாத பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தேன்.

“கொற வண்டியிலயா ஆளுலயான்னு எனக்குத் தெரியாண்டாமா?” என்றேன். “நான் கூடப் போயிட்டு வந்து சொல்லுதேன். அது வர யாருக்கும் வாக்கு குடுக்காத.”

எங்கள் வீட்டுக்காரர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தினமும் அந்த வண்டியைக் கழுவித் துடைப்பது அவருக்குப் பூசை மாதிரி. “ஏட்டி, நீ போயி என்னத்தப் பாக்கப் போற? பஸ்ஸுக்க போர்டையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க.”

“போர்டு வாசிக்க எழுத்து வேணும். ஸ்டியரிங்கு திரும்புதா இல்லியான்னு பாக்க கை போதும்” என்றேன். அப்படித்தான் இந்தப் பயணம்.

நாகர்கோவில் தாண்டி, பூதப்பாண்டி தாண்டி வடக்கே போகப் போக வயல் குறைந்து ரப்பர் தோட்டம் தொடங்குகிறது. மார்கழியில் ரப்பர் இலை சிவந்து உதிரும். ரோட்டின் இரண்டு பக்கமும் செம்புத் தகடு கொட்டிவிட்ட மாதிரி கிடந்தது. தடிக்காரன்கோணத்தில் சாயா குடித்தோம். சாயா பன்னிரண்டு ரூபாய், பழம்பொரி பத்து. பழம்பொரி கொள்ளாம், நன்றாகவே இருந்தது; சாயாவில் சீனி கூடுதல்.

கடை பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் வண்டியையும் சுஜியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏட்டி பிள்ளே, இவ்வளவு லோடையும் ஏத்திட்டு நீயா மலைக்கு ஓட்டுக?”

“இல்ல மாமா. அது தானாப் போவும். நான் சும்மா புடிச்சிட்டு இருப்பேன்” என்றாள் சுஜி.

அவர் சிரித்துப் புரையேறி, என்னைப் பார்த்து, “உங்களுக்க மவளா?” என்றார்.

“மருமவ” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

கீரிப்பாறை செக்போஸ்டில் நம்பரை எழுதிக்கொண்டு கம்பை உயர்த்தினார்கள். அதற்கப்புறம் ரோடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். கல்லும் குழியும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. நான் காட்டைப் பார்க்கவில்லை. சுஜியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிவெயில் நேரம். ஸ்டியரிங்கை ஒரு கையால் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். வண்டி எண்ணெய் தடவின சக்கரம் மாதிரி வளைந்து போயிற்று. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மெக்கானிக் சொன்னது மெய்தானோ? அப்படியானால் ராஜனிடம் என்ன சொல்வேன்? இவளிடம் என்ன சொல்வேன்?

சுஜி என் முகத்தைப் பார்க்காமலே, “இப்பம் ஒண்ணும் தெரியாது மாமி. நாளைக்கு வெளுக்கட்டும்” என்றாள்.

எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர மதியம் திரும்பிவிட்டது. கிராம்பு மரம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் கோபுரம் மாதிரி கூம்பி நிற்கும். கிளை நுனியில் மொட்டு கொத்துக் கொத்தாக இருக்கும். பச்சை மாறி சிவப்பு ஏறும்போது பறிக்க வேண்டும், பூத்துவிட்டால் விலை போகாது. ஒற்றை மூங்கிலை ஏணியாகச் சார்த்தி ஆண்கள் ஏறிப் பறிக்கிறார்கள். கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பைத் திருகி மொட்டைப் பிரிக்கிறார்கள். களத்தில் பாய் விரித்து வெயிலில் போட்டால் நாலைந்து நாளில் சிவப்பு கறுத்து, நாம் கடையில் பார்க்கிற கிராம்பாகிவிடும். அந்த மலை முழுக்கப் பல்வலி மருந்து வாசம். இரண்டு நாளில் என் சேலைக்கும் அது ஏறிவிட்டது.

அங்கே ஜீப் ஓட்டுகிற தாஸ் எங்களுக்கு ஒரு அறையைத் திறந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். என்னை “அக்கா” என்று கூப்பிட்டதால் எனக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம் வந்தது. “குளிருக்கு என்ன கொண்டு வந்தியக்கா?” என்று கேட்டார். ராஜன் அனுப்பின கம்பளியைக் காட்டினேன். “ஒண்ணு போதாது” என்று தன்னுடையதையும் கொடுத்தார்.

போதவில்லைதான். எங்கள் ஊரில் மார்கழி என்றால் விடியற்காலையில் ஒரு போர்வை, அதுவும் காலுக்கு மட்டும். இங்கே சிமெண்ட் தரையிலிருந்து குளிர் ஏறி முழங்காலில் உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் மேல்களத்துக்குப் பாய் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூடுபனி. எங்கள் வழக்கப்படி நெற்றியில் திருநாமம் இட்டு, “அய்யா உண்டு” என்று வேண்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். சுஜி ஸ்டார்ட் செய்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, இருக்கையிலிருந்து எழும்பி, உடம்பைச் சாய்த்துத் திருப்பினாள். முன்னால் ஏதோ ஒன்று பசுங்கன்று மாதிரி முனகிற்று. ஒருவழியாக நகர்ந்து முதல் வளைவுக்கு வந்தோம். வண்டி பாதி வளைந்தது, மீதி வளையவில்லை. நேரே ஓடையைப் பார்த்துப் போயிற்று. பிரேக் போட்டு நிறுத்தினாள். சக்கரத்துக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

இஞ்சினை அமர்த்தாமல் கைபிரேக்கை இழுத்துவிட்டாள்.

“இறங்கு மக்கா” என்றேன். அவள் இடத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. வண்டி நின்றபடிக்கே, இஞ்சின் ஓட, ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். நாற்பது வருஷம் ஆட்டுக்கல் சுற்றின கை இது. தோள் வரைக்கும் வலித்ததே தவிர அது அசையவில்லை.

“கையில ஒரு கொறையும் இல்ல” என்றேன்.

சுஜி அந்தப் பக்கம் திரும்பித் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குளிர்தான் என்றாள். சரி என்றேன்.

அதற்குள் தாஸ் ஜீப்பில் வந்துவிட்டார். வந்ததும் வைத்தியம் தொடங்கிவிட்டார். “டயருல காத்து எறங்கியிருக்கும். குளிருல காத்து சுருங்கும், கேட்டியா.” அளந்து பார்த்தார், காற்று சரியாக இருந்தது. “அப்பம் பால்ஜாயிண்ட்டு. சந்தேகமே வேண்டாம்.” கீழே படுத்துச் சக்கர மூட்டை ஆட்டிப் பார்த்தார். அதுவும் சரி. “பெல்ட்டு வழுக்கும்” என்றார். பெல்ட் ஒழுங்காக ஓடிற்று.

சுஜி ஜாக்கி எடுத்துவந்து முன்பக்கத்தைத் தூக்கினாள். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கட்டை வைத்தாள். இரண்டும் தரையைத் தொடவில்லை. திரும்ப ஏறித் திருப்பினாள். அப்போதும் அதே இறுக்கம்.

“பாத்தியளா? சக்கரம் அந்தரத்துல நிக்கும்போதும் இறுகித்தான் இருக்கு. அப்பம் டயரு இல்ல, ரோடு இல்ல, லோடும் இல்ல. இஞ்சின் ஓடுனாலும் அமத்துனாலும் ஒரே பெலன் வேண்டியிருக்கு. நமக்குத் தொணையா ஸ்டியரிங்க எண்ணெய்தான தள்ளிக் குடுக்கும்? அந்தத் தொண வரல.”

“அது பம்பு போயிருக்கும்” என்றார் தாஸ்.

“பம்பு போயிருந்தா மத்தியானம் மட்டும் எப்படித் திரும்பி வரும் மாமா?”

பேசிக்கொண்டிருக்கும்போதே சூரியன் மரத்துக்கு மேலே வந்தது. முன்மூடியைத் திறந்து எண்ணெய் டப்பாவைப் பார்க்கும்போது அது சுட்டது, உள்ளே சிவப்பாக எண்ணெய் கோடு வரைக்கும் நின்றது. சுஜி ஸ்டியரிங்கைத் தொட்டாள். பச்சைப்பிள்ளை தலை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிற்று.

தாஸ் கைதட்டிச் சிரித்தார். “மைனருக்குக் குளிருது பிள்ளே. இன்னைக்கு ராத்திரி ஒரு கம்பளி போத்தி விடு.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. “குளிருல இறுகி வெயிலுல இளகுதுன்னா, அந்த எண்ணெய் உறையுமோ?” என்று கேட்டேன்.

“வண்டி எண்ணெய் இந்தக் குளிருக்கெல்லாம் உறையாதக்கா. ஐஸு விழுற ஊருலயே ஓடுகது. அது என்ன, தேங்காண்ணெயா?”

பாய் இறக்க வந்த பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

கிராம்பு இன்னும் காயவில்லை, இன்னொரு நாள் தங்க வேண்டும் என்றார்கள். நல்லதாயிற்று. சாயங்காலம் தாஸ் எங்கள் வண்டியை ஷெட்டுக்குள் விடச் சொன்னார். சுஜி மாட்டேன் என்றாள். களத்துக்கு மேலே, காற்று அடிக்கிற திட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். “நல்லாக் குளிரட்டும் மாமி. நாளைக்கு வெயில் வரதுக்கு முன்ன, ஸ்டார்ட்டு பண்ணாம, அப்படியே தொறந்து பாக்கணும். இன்னைக்கு நம்ம சக்கரத்துல நேரத்தக் கெடுத்துட்டோம்.”

இந்தப் பெண் கல்யாணமாகி வந்த புதிதில் கோழி கூவினால் பயப்படுவாள். அதை நினைத்துக்கொண்டே படுத்தேன்.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வரும்போதே திட்டுக்கு ஏறிவிட்டோம். வண்டி மேலெல்லாம் பனித் துளி. பேசினால் வாயிலிருந்து புகை. தாஸும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து நின்றார், வேடிக்கை பார்க்க. சுஜி முன்மூடியைத் தூக்கி, எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

உள்ளே எண்ணெய் இல்லை. ரோஸ் நிறத்தில், குங்குமம் கலந்த வெண்ணெய் மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது. சுஜி ஒரு ஈர்க்குச்சியை நட்டாள். அது நட்டபடியே நின்றது.

“இது என்ன எழவு?” என்றார் தாஸ்.

நான் விரலில் ஒரு துளி எடுத்தேன். விரல் சூட்டில் உருகிற்று. மோந்து பார்த்தேன். வண்டி நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசம். அறுபது வருஷமாக என் தலையில் இருக்கிற வாசம் எனக்குத் தெரியாதா?

“தாஸு, நீ நேத்து சொன்னதுதான்” என்றேன். “தேங்காண்ணெய்.”

அவர் சிரிக்கவில்லை. தானும் மோந்து பார்த்தார். பிறகுதான் சிரித்தார், அந்தத் திட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

போனில் டவர் கிடைக்கிற இடம் அந்தத் திட்டின் ஓரம்தான். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“என்னங்க, வண்டியில ஏதாவது எண்ணெய் ஊத்தினியளா?”

“ஊத்தாம பின்ன? கார்த்திகை விளக்கு கழிஞ்சப்பம் பாத்தேன், அந்த டப்பாவுல கோட்டுக்குக் கீழ கெடந்து. ஊத்தினேன். பின்னயும் கொறஞ்சுது, பின்னயும் ஊத்தினேன். யாருக்கு இருக்கு இந்தப் பொறுப்பு?”

“என்ன எண்ணெய்?”

“நம்ம தேங்காயில ஆட்டுனது. கடையில உள்ளதெல்லாம் கலப்படம். ஏட்டி, வண்டி நல்லாப் போவுதா?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் பாதி போய்விட்டது. தலைக்கும் அதுதான், முழங்காலுக்கும் அதுதான், கதவு கிறீச்சிட்டாலும் அதுதான். வண்டிக்கு மட்டும் மட்டமானது ஊற்றுவாரா அவர்? எங்கள் ஊர் வெக்கையில் அது வருஷம் முழுக்க எண்ணெயாகவே இருக்கும். மலைக்கு வந்தால்தானே அதன் குணம் தெரியும்.

“வந்து சொல்லுதேன். இனி அந்த டப்பாவத் தொடாதீங்க” என்று வைத்துவிட்டேன்.

தாஸின் ஜீப்பில் ஸ்டியரிங் எண்ணெய் புதுசாக ஒரு டின் இருந்தது. அடுக்களையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து, துணியை நனைத்து டப்பாவுக்கும் பம்புக்கும் ஒத்தடம் கொடுத்தோம். உருகினதும் சுஜி குழாயைக் கழற்றிப் பழையதை ஒரு சட்டியில் பிடித்தாள். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, தாஸ் மேலே புது எண்ணெய் ஊற்ற ஊற்ற, நான் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகத் திருப்பினேன். அந்த வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். ரோஸ் நிறம் போய்ச் சிவப்பு வரத் தொடங்கிற்று. குழாய் சேருகிற இடத்தில் அதை இறுக்குகிற வளையம் தளர்ந்து ஈரம் கசிந்திருந்ததையும் சுஜி அப்போதுதான் கண்டாள். “நம்ம வீட்டு மாமாவ மட்டும் குத்தம் சொல்லாண்டாம். இதுலதான் தெனமும் கொறஞ்சிருக்கு” என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினாள்.

வெயில் இன்னும் வரவில்லை. கை விறைக்கிற குளிர் அப்படியே இருந்தது. சக்கரத்தை இறக்கி ஸ்டார்ட் செய்தாள். முனகல் இல்லை. ஸ்டியரிங் ஒரு கைக்குத் திரும்பிற்று. நேற்று நின்ற வளைவுக்கு ஓட்டிப் போய், வளைத்து, மேலே போய்த் திரும்பி வந்தாள். தாஸ் ரோட்டோரம் நின்று, “கொள்ளாம் பிள்ளே!” என்று கூவினார்.

கிராம்பு மூட்டை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு இறங்கினோம். புறப்படும்போது தாஸ் ஒரு கை நிறையக் கிராம்பு கொடுத்தார். கம்பளியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தடவை வருவீர்களா என்றார். “நான் வாறனோ இல்லியோ, இவ வருவா” என்றேன். சொன்னபிறகுதான், அது என் வாயால் நான் கொடுத்துவிட்ட வாக்கு என்று தெரிந்தது.

அந்த ரோஸ் வெண்ணெயில் ஒரு டம்ளர் எடுத்து, மெக்கானிக்குக்குக் காட்டவென்று மடியில் வைத்திருந்தேன். கீரிப்பாறைக்கு வரும்போதே ஓரம் இளகிற்று. நாகர்கோவில் வெக்கைக்குள் நுழைந்தபோது மறுபடியும் நல்ல பிள்ளை மாதிரி எண்ணெயாகிவிட்டது. மெக்கானிக்கிடம் நீட்டினேன். பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் முகம் போன போக்கை இங்கே எழுத எனக்கு எழுத்து போதாது.

“தம்பி, கையில பெலன் வேணும்னு சொன்னியே. மூக்குலயும் கொஞ்சம் வேணும்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சுஜியிடம் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜாக்கி வைத்ததையும், வண்டியைக் காற்றில் விட்டதையும் அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். உள்ளே மிச்சம் இருக்கும், ரப்பர் குழாயைக் கெடுக்கும் என்று இன்னொரு தடவை முழுக்கக் கழுவிப் புது எண்ணெய் நிறைத்துத் தந்தார்.

பின்னே வீட்டுக்கு. நாகர்கோவில் கழிந்து தெற்கே திரும்பினால் தென்னை, வாழை, உப்புக்காற்று. சன்னலைத் திறந்ததும் மலையில் விறைத்த முழங்கால் தானாக விட்டுக்கொடுத்தது. மாறாமலை அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கையை நீட்டினால் வெதுவெது என்று இருக்கிற காற்று எங்கள் ஊரில்தான். எது எதற்கு ஆகும் என்று இரண்டு இடத்தையும் பார்த்தால்தான் தெரியும்.

இராஜாக்கமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது போன் அடித்தது. அருமனை வியாபாரி.

“அம்மா, ஞாயித்துக்கிழம வண்டி பாக்க வரலாமா?”

சுஜி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

“வண்டி குடுக்கதுக்கு இல்ல” என்றேன். “வேணும்னா வாடகைக்கு வரும். ஆளோட வரும்.”

“ஆளு யாரு?”

“எனக்க மருமவ. மாறாமலைக்கு லோடு ஏத்தி எறக்குகவ.”

“அப்படியா?” என்றார். யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தார். “திங்கக்கிழம குலசேகரத்துக்கு ரப்பர் சீட்டு ஏத்தணும். வர முடியுமா?”

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு சுஜியைப் பார்த்தேன்.

“எத்தன மணிக்குன்னு கேளுங்க மாமி” என்றாள்.